காட்டிட்டு வாயைப் பொத்துல

என்னல, மூஞ்சி வெயில்ல போட்ட கோரை மாதிரி சுருண்டு கெடக்கு? வா, தார்சாவுல உக்காரு. அந்த உருட்டுன தாளைக் கீழ வை. எவனும் புடுங்கிட்டுப் போயிர மாட்டான். பச்சப்புள்ளையத் தூக்கி வச்ச மாதிரியில்லா நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்க. ஆச்சி கருப்பட்டிக் காப்பி போடுதா. குடிச்சிட்டுப் பொறவு அழு.

ஓகோ, வாத்தியாரு சிவப்பு மையில வட்டம் போட்டுட்டாரா? எத்தனை? 11-ஆ! நம்ம சுலோச்சன முதலியார் பாலத்துக்கும் வளைவு 11 தான். 1843-ல கட்டுனது. பஸ்ஸு, லாரி, ஆத்து வெள்ளம்னு எல்லாத்தையும் பாத்துட்டு நிக்கி. நீ 11 வட்டத்துக்கே படுத்துட்ட.

"அவருக்கு ரசனையே கெடையாது தாத்தா"ங்க. இருக்கும், இருக்கும். உலகத்துல ரசனை உள்ள ஆளு ஒருத்தன்தான். அவன் இப்ப என் வீட்டுத் தார்சாவுல காப்பிக்குக் காத்துட்டு இருக்கான். ஏல, காருக்குறிச்சிக்குப் பானை வாங்கப் போனா எடுத்ததும் என்ன செய்யுதோம்? காதுகிட்ட வச்சு விரலால சுண்டுதோம். 'டங்'குன்னா வாங்குதோம், 'சொத்'துன்னா வச்சிருதோம். பானை செஞ்சவரு என்னைக்காவது, "ஐயோ, என் பானையைச் சுண்டிட்டாவளே"ன்னு மூக்கைச் சிந்தி நீ பாத்துருக்கியா? நமக்கு முந்தி அவரே சுண்டிக் காட்டுவாரு. உன் பானையை ஒரு மனுசன் மெனக்கெட்டு 11 இடத்துல சுண்டிக் குடுத்துருக்காரு. நீ என்னன்னா அவரு விரலைப் பத்திக் கொறை சொல்லுத.

உன் பெரியப்பா மவ இருக்கால்லா, இப்ப மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து அட்டைப்படம் போடுதா, கை நெறைய வாங்குதான்னு நீ பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுத. அவ போன வருசம் இதே பங்குனியில, இதே தூணுல சாஞ்சுக்கிட்டு மூக்கைச் சிந்துன கதை உனக்குத் தெரியாது. சொல்லுதேன். ஆனா அதுக்கு முந்தி என் கதை. கெழவன்கிட்ட யோசனை கேக்க வந்தா கெழவன் கதையையும் கேட்டுத்தான் ஆவணும், அதுதான் ஃபீஸு.

1968-ல எனக்கு 14 வயசு. திருநெல்வேலி டவுன்ல ஒரு அச்சாபீசுல சேந்தேன். பேரு வேண்டாம், மொதலாளி பேரன்மாரு இன்னும் இருக்காவ. கம்பாசிட்டர் சோலி. கேஸுன்னா மரத்தட்டு, சின்னச் சின்ன அறையா இருக்கும், அறைக்கு ஒரு எழுத்து. இடக்கையில ஸ்டிக்கு. வலக்கை தானாப் போயி ஈய எழுத்தைப் பொறுக்கிட்டு வரும், கோழி நெல்லுப் பொறுக்குத மாதிரி. அச்செழுத்து கண்ணாடியில பாக்குத மாதிரித் திரும்பி இருக்கும். அதையும் தலைகீழா வச்சுத்தான் வாசிக்கணும். நான் நேரா வாசிக்கதைவிடத் தலைகீழா வெரசா வாசிப்பேன். காலி ப்ரூஃப் எடுத்தா என்னைத்தான் கூப்பிடுவாவ. இந்தக் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போனது கெடையாதுன்னு சந்திப்பிள்ளையார் முக்குல நின்னு சத்தம் போட்டுச் சொல்லுவேன்.

ஒரு கல்யாணப் பத்திரிகை. நானே கோத்தேன், நானே மூணு தடவை ப்ரூஃப் பாத்தேன். மிசின்ல ஏத்தியாச்சு. ட்ரெடில் மிசினுக்குத் தாள் குடுக்க ஒரு பொடியன் உண்டு, மூணாங்கிளாஸ்ல பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு நாப்பது தாள் ஓடியிருக்கும். பய ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி வாசிக்கான்: "ம… ண… ம… க்… க… ளை… வீ… ழ்… த்… த… வா… ரீ… ர்." வாசிச்சிட்டு என்னைப் பாத்து, "அண்ணாச்சி, எதுக்கு வீழ்த்தணும்?"ங்கான்.

வாழ்த்த வாரீர், வீழ்த்த வாரீர் ஆயிட்டு! மேல் வரியில 'வீட்டார்'னு கோத்த கை, கீழ் வரியிலயும் அதே அறைக்குப் போயி 'வீ'யை எடுத்துட்டு வந்துட்டு. மூணு தடவை பாத்தேம்ல. மூணு தடவையும் 'வாழ்த்த'ன்னுதான் வாசிச்சேன். எனக்குத்தான் அங்கன என்ன இருக்கணும்னு தெரியுமே! அந்தப் பயலுக்குத் தெரியாது. அதனால அவன் இருக்கதை வாசிச்சான். செஞ்சவன் கண்ணு அப்படித்தாம்ல. தாள்ல கெடக்கதை எங்க பாக்குது? மனசுல கெடக்கதையில்லா தாள்ல பாக்குது.

இப்ப உன் அக்கா கதைக்கு வாரேன். காப்பியைக் குடி, ஆறிருச்சு.

கடைசி வருசம். காலேஜுல பத்தமடைப் பாய்க்கு ஒரு போஸ்டர், ஒரு அட்டைப்பொட்டி, ஒரு முத்திரை — நீங்க லோகோங்கிய — செஞ்சுட்டு வரச் சொல்லிட்டாவ. நம்ம வீட்டுத் திண்ணையில இருந்து பத்தமடை எம்புட்டு தூரம்? பஸ்ஸுல ஏறி உக்காந்தா சீட்டுச் சூடேறுததுக்குள்ள எறங்கிறலாம். இவ என்ன செஞ்சா தெரியுமா? மூணு ராத்திரி முழிச்சு போன்லயே அம்புட்டையும் இங்கிலீஷ்ல படிச்சா. பாய் பொறந்த ஊரை லண்டன்காரன் எழுதுனதுல தேடுதா. கோரை எந்த ஆத்தங்கரையில வளருதுன்னு இந்தக் கெழவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கல. கெழவனுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா.

மொத போஸ்டர் வந்துச்சு. அடேயப்பா! நெல்லையப்பர் கோபுரம் இருக்கு, ஈரடுக்குப் பாலம் இருக்கு, வாழையெலையில அல்வா மினுங்குது, பாணதீர்த்தம் கொட்டுது, ஓரத்துல ஒரு அருவாளு. மேல கொட்டை எழுத்துல, எலிசபெத் ராணி 1953-ல முடிசூட்டிக்கிட்டப்ப இங்கேருந்து பாய் போன சங்கதி. ராணி அதுல படுத்தாளா, சுருட்டிப் பரண்ல போட்டாளா, அது அந்த அரமனைக்குத்தான் தெரியும்.

"பாய் எங்கட்டி?"ன்னேன்.

"அன்னா தாத்தா, அருவிக்குக் கீழ."

"அதைப் பாறைன்னுல்லா நெனச்சேன்."

அவ்வளவுதான், ஆரம்பிச்சுட்டா. இந்த நீலம் ஆறு, இந்தக் கோடு பாரம்பரியம், இந்த அருவா வீரம்னு கால்மணி நேரம் விளக்கம். முழுக்கக் கேட்டுட்டுச் சொன்னேன்: "நல்லா வெளங்குது தாயி. இப்ப இந்தப் போஸ்டரை ஒட்டுத செவத்துல எல்லாம் நீயும் நிப்பியா? பசைவாளிக்காரன் போஸ்டரோட சேத்து உன்னையும் ஒட்டிட்டுப் போவானா?" மொறைச்சா பாரு, உன்னை மாதிரியே. ஒரே ரெத்தந்தானே.

அப்பத்தான் நான் ஒரு வேலை செஞ்சேன். ரோட்டோரத்துல நம்ம டீக்கடை இருக்குல்லா, அங்கன செவத்துல போஸ்டரை ஒட்டச் சொன்னேன். அவளைப் பெஞ்சு ஓரத்துல உக்கார வச்சு, "இது நீ செஞ்சதுன்னு எவன்ட்டயும் சொல்லாத. நல்லாருக்கான்னும் கேக்காத. காட்டிட்டு வாயைப் பொத்து"ன்னேன். நான் பேப்பரை விரிச்சு மொகத்தை மறைச்சுக்கிட்டேன். "நல்லாருக்கா?"ன்னு கேட்டா நம்ம ஊர்ல எவனும் நல்லால்லைன்னு சொல்ல மாட்டான்ல. கல்யாண வீட்டுல சாம்பார் உப்பா இருந்தாலும் "அமிர்தம்"னுட்டு வெளிய வந்து துப்புதவன் நம்மாளு. கேக்காம இருந்தாத்தான் நெசம் வெளிய வரும்.

வந்துச்சு. ஒருத்தன் டீ ஆத்திக்கிட்டே, "எங்கன புதுசா அல்வாக் கடை?"ங்கான். இன்னொருத்தன், "இல்லவே, டூர் பஸ்ஸு விளம்பரம். பாணதீர்த்தத்துக்கு அம்புட்டு பேரையும் இவன் எப்படிக் கூட்டிட்டுப் போவான்?"னு சண்டைக்கே போயிட்டான். பாய்ங்க சொல்லு ஒருத்தன் வாயிலயும் வரல. அவ மூஞ்சி செத்துப் போச்சு. மறுநாள் காலேஜுக்குக் கொண்டு போனா, வாத்தியாரு சிவப்பு மையில ஒரே ஒரு வரிதான் எழுதி விட்டுருக்காரு: 'கண் முதலில் எங்கே போக வேண்டும்?' இவளுக்கு அது அவமானமாத் தெரிஞ்சுருக்கு. எனக்கு என்னன்னா, அந்த ஒரு வரிக்கே அந்த வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்கலாம்னு தோணுச்சு. நானும் டீக்கடையும் ஒரு நாள் பூரா கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதை அஞ்சு வார்த்தையில முடிச்சுட்டாரே.

ரோசக்காரி. ராத்திரியோட ராத்திரியா அம்புட்டையும் அழிச்சுட்டா. ரெண்டாவது போஸ்டர்: கன்னங்கரேல்னு கருப்பு. நட்டநடுவுல ஒரு வெள்ளைக் கோடு. கீழ எறும்பு ஊருத மாதிரி ரெண்டு வரி. "இதுக்குப் பேரு மினிமலிசம் தாத்தா"ன்னா. எனக்கு என்ன தெரியும்? வாயைப் பொத்திக்கிட்டு டீக்கடைச் செவத்துல ஒட்டினேன்.

மொதல்ல வந்தவரு தலையில கட்டுன துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு மெதுவா என்கிட்ட வந்து, "யாரு அண்ணாச்சி காலமாயிட்டா?"ங்காரு.

சிரிக்காதல. அவரு கேட்டது நியாயம். நம்ம ஊரு செவத்துல கருப்புத் தாள் ஏறுனா அது கண்ணீர் அஞ்சலி. பாரீசுல கருப்பு என்ன சொல்லுமோ, இங்கன கருப்புக்கு ஒரே சேதிதான். இவளும் விடல. "இருட்டுக்கடைக்கு போர்டே கெடையாது, ஒத்த பல்புதான் எரியும். அங்க கூட்டம் நிக்கலையா?"ன்னா. நல்ல கேள்விதான். நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்புல, சாயங்காலந்தான் தொறக்கான், கொஞ்ச நேரத்துல தட்டு காலி. வாஸ்தவம். "ஆனா தாயி, அங்கன இருட்டுக்குள்ள அல்வா இருக்கு. உன் போஸ்டர்ல இருட்டு இருக்கு. அல்வா எங்க?"ன்னேன்.

அழுதா. இந்தத் தூணுலதான். நான் சமாதானஞ் சொல்லல. உன் ஆச்சி என்னை நாலு வார்த்தை ஏசிட்டு, சொதியும் சோறும் போட்டுத் தூங்க வச்சா. பொறவு மூணாவதா ஒண்ணு போட்டு வகுப்புல காட்டிட்டு வந்தா. அடுத்த நாக் காலையில பஸ்ஸுல ஏத்திப் பத்தமடைக்கே கூட்டிட்டுப் போனேன்.

இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லுதேன், கேளு. பாய் நெய்யுத ஒரு அம்மா வீடு. தரையில பாவுநூலை இழுத்துக் கட்டியிருக்காவ. பக்கத்துல ஈரத்துணிக்குள்ள கோரை. ஆத்தங்கரையில வெட்டி, காய வச்சு, திரும்ப ஓடுத தண்ணியில நாள்கணக்கா ஊறப் போட்டு, உப்புனதும் எடுத்துக் காய வச்சு, பொறவு கீறுவாவ. எம்புட்டு மெல்லிசா? உன் மீசை இருக்கே, இன்னும் சரியா மொளைக்கல, அந்தக் கனத்துக்கு. பட்டுப்பாய்னா பாவு நூத்துக்கு மேல போவும், 140 வரைக்கும் உண்டு. வேட்டி மாதிரி மடிச்சு வச்சுக்கிடலாம். அந்த அம்மா கையோட வேகத்தைப் பாத்துட்டு நான் கம்பாசிட்டர்னு சொல்லிக்கிடவே கூச்சமாப் போச்சு.

இவ போஸ்டரை விரிச்சா. மூணாவது. கருப்பை எடுத்துட்டு, பாயைப் பெருசாப் போட்டுருந்தா. வாயைத் தொறக்கல, அதுக்குள்ள பழகிட்டா. அந்த அம்மா கொஞ்ச நேரம் பாத்தாவ. பொறவு, "ஏம்மா, இதுல கோரை மேல இருந்து கீழ ஓடுதே. நீட்டுவாக்குல ஓடுதது நூலுல்லா. கோரை குறுக்கத்தான போவும்? இப்படி நெஞ்சா நீ படுத்து எந்திரிக்கப்ப முதுகோட ஒட்டிக்கிட்டு வந்துரும்"னாவ. அம்புட்டுத்தான். வகுப்புல 40 பிள்ளைகளும் வாத்தியாரும் பாத்தாவ, ஒருத்தர் கண்ணுலயும் அது படல. படமா பாத்தவனுக்குப் படம் சரி. பாயாப் பாத்த அம்மாவுக்குத்தான் பாய் தப்பு.

அடுத்தது எழுத்து. இவ தலைப்பை வளைச்சு, சுழிச்சு, வால் விட்டு, பரதநாட்டியம் ஆடுத மாதிரி எழுதிருந்தா. அந்த அம்மா உள்ள போயி ஒரு கல்யாணப் பாயை எடுத்துட்டு வந்தாவ. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு ரெண்டையும் பாயிலயே நெஞ்சுருக்கு. கிட்டக்கப் போயிப் பாரு, ஒரு சுழி கெடையாது. எல்லாம் படிக்கட்டு. நூலை எண்ணி எண்ணி ஏத்தி எறக்கினது. நாலடி தள்ளி நின்னு பாரு, வளைவு வளைவா எழுத்து நிக்கும். "கோரைக்கு வளையத் தெரியாதும்மா. நாமதான் எண்ணிக்கையில வளைக்கணும்"னாவ.

இவ அன்னிக்குச் சாயந்தரம் டவுனுக்குப் போயி கட்டம் போட்ட நோட்டு வாங்கினா. ஊர்ப்பேரை ஒவ்வொரு கட்டமா நெரப்பி, பாயில நெய்யுத எழுத்து மாதிரியே வரைய ஆரம்பிச்சா. அந்தப் பேர்ல வரிசையா 'ட' வந்ததும் வசதியாப் போச்சு. 'ட'ன்னா என்ன, ஆசாரி வச்சிருக்க மூலைமட்டம், சுழியா கிழியா ஒண்ணுங் கெடையாது. மூலைமட்டம் மூலைமட்டமா நிக்க அழகுல நானே சொக்கிப் போயிட்டேன்.

எழுத்தைப் போட்டு இந்தப் பாடு படுத்துதாளேன்னு நீ நெனைக்க. ஏல, நீ போன்ல தட்டுத எழுத்தே அப்படிப் பாடுபட்டு வந்ததுதான். அச்சாபீசுக்கு ஒரு தமிழ் வாத்தியாரு வருவாரு, அவரு சொன்ன கதை இது. நம்ம ஆறு கடல்ல சேருதுல்லா, புன்னைக்காயல். அங்கன இருந்தவரு ஹென்றிக்கஸ் பாதிரியாரு, நம்மாளுக வாயில அண்டிரிக் அடிகளார். தமிழ்ல பொஸ்தகம் அச்சடிக்கணும்னு ஆசைப்பட்டாரு; முத்துக்குளிக்க பரதவமாரு காசு போட்டாவ. 1577-ல கோவாவுல கொன்சால்வெஸ்னு ஒருத்தரு தமிழ் எழுத்து வார்த்தாரு. திருப்தி இல்ல. அடுத்த வருசம் கொல்லத்துல ஃபாரியா பாதிரியாரு புதுசா வார்த்தாரு. அதை வச்சு 1578 அக்டோபர்ல 16 பக்கத்துல தம்பிரான் வணக்கம் வந்துச்சு. நான் சொல்ல வந்தது அதோட கடைசிப் பக்கத்தை. அதுல கோவாவுல வார்த்த எழுத்து, கொல்லத்துல வார்த்த எழுத்து, ரெண்டையுமே வருசம் போட்டு அச்சடிச்சிருக்காவ. மொதல்ல செஞ்சதை ஒளிச்சு வைக்கல. நீயின்னா மொத தாளை அடுப்புல போட்டுட்டு, "ஒரே மூச்சுல வந்துச்சு"ன்னுல்லா அளப்ப.

அதோடயா முடிஞ்சுது? வீரமாமுனிவரு வந்து 'எ'க்கும் 'ஏ'க்கும், 'ஒ'வுக்கும் 'ஓ'வுக்கும் அடையாளம் பிரிச்சு விட்டாரு. 1935-ல பெரியாரு பத்திரிகையில எழுத்தைச் சீர்திருத்தினாரு. அதுல ஒரு பங்கை 1978-ல எம்ஜிஆர் சர்க்காரு ஆர்டராப் போட்டுட்டு. 13 எழுத்து மாறிச்சு. 'னை'யும் 'லை'யும் அதுவரைக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி தலைக்கு மேல சுழிச்சுக்கிட்டு நிக்கும். எனக்கு அப்ப 24 வயசு. கை அந்தப் பழைய அறைக்கே போவும். மொதலாளி ஸ்கேலால தட்டுவாரு. எழுத்தே திருத்தத்துக்குத் தலையைக் குடுத்துருக்கு. நீ உன் போஸ்டருக்கு வாய்தா கேக்க.

சரி, நாலாவது போஸ்டர். அது ஒரு கூத்து. கொறை சொன்னா நல்லதுன்னு தெரிஞ்சுக்கிட்டாளா, இப்ப ஊர்ல போறவன் வாறவன்ட்ட எல்லாம் கேக்க ஆரம்பிச்சா. கேட்டதை எல்லாம் செய்யவும் ஆரம்பிச்சா. ஹாஸ்டல் தோழி பச்சை போடுன்னா, போட்டா. இன்னொருத்தி நெழல் விழுத மாதிரி எழுத்து வைன்னா, வச்சா. உன் சித்தப்பன், "ஆத்துல மீனு துள்ளுத மாதிரி ஒண்ணு போடு"ன்னான், துள்ளுச்சு. பக்கத்து வீட்டுக்காரரு, "ஓரத்துல நம்ம போட்டோ ஒண்ணு வரட்டும்"னாரு. நல்லவேளை, நான் பாத்துட்டேன். இல்லைன்னா சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸ் போர்டு மாதிரி தாய்மாமன்மாரு அம்புட்டு பேரும் கைகூப்பி நின்னுருப்பாவ.

அவளை உக்கார வச்சுக் கேட்டேன். "தோழி பச்சை போடுன்னாளே, எதைப் பாத்துச் சொன்னா?" யோசிச்சா. "செகப்புப் பாய் மேல செகப்பு எழுத்து தெரியலைன்னா தாத்தா." அப்படிச் சொல்லு! எழுத்து தெரியலைங்கதுதான் அவ பட்ட பாடு. பச்சைங்கது அவளுக்குப் பிடிச்ச தாவணிக் கலரு. மீனு துள்ளணும்னான் உன் சித்தப்பன். அவனுக்கு ஆறு தெரியல, அதைச் சொல்லத் தெரியாம மீனைச் சொல்லுதான். மீனை விட்டுட்டு ஆத்தைப் பாரு. போட்டோ கேட்டாரே பக்கத்து வீட்டுக்காரரு, அவருக்கு ஒண்ணும் தெரியல, அவரு போட்டோ மட்டும் தெரியணும். அவரை விட்டுரு.

கோவில்பட்டியில கொண்டையா ராஜுன்னு ஒரு பெரிய ஓவியரு இருந்தாரு, 1898-ல பொறந்து 1976-ல போனவரு. அவரு வரைஞ்ச சாமி படம் காலண்டர்ல தொங்காத வீடு கெடையாது. பல படத்துல அவரு பேரும் சீடரு பேரும் சேந்தே இருக்கும். ரெண்டு பேரு பேரு இருக்கும், படம் ஒரே மூச்சா நிக்கும். உன் அக்கா போஸ்டர்ல பேரு ஒண்ணு, கை நாப்பது.

அஞ்சாவது போஸ்டர் தாம்ல போஸ்டரு. குறுக்க ஓடுத கோரை, தாள் முழுக்கப் பாய். நடுவுல ஒரு சாயக்கோரை மட்டும் நெளிஞ்சு மேக்க இருந்து கிழக்க போவுது, அதுதான் ஆறு. யாருக்கும் விளக்கஞ் சொல்ல வேண்டாம். மேல, நெஞ்ச மாதிரியே ஊர்ப்பேரு. வேற ஒண்ணுங் கெடையாது. டீக்கடைச் செவத்துல ஒட்டினோம். ஒருத்தரு டீயைக் கையில வச்சுக்கிட்டே நடந்து வந்து செவத்தைத் தடவிப் பாத்தாரு. நெசப் பாயின்னு நெனச்சுருக்காரு! இன்னொருத்தரு, "எம் மவ கல்யாணத்துக்கு ஒண்ணு சொல்லணும், என்ன வெலை வரும்?"னு கடைக்காரன்ட்ட கேக்காரு. வாத்தியாரு பாத்துட்டு ஒரு வட்டமும் போடல. பத்தமடை அம்மாவும் எழுத்துக்குப் படிக்கட்டு எண்ணிப் பாத்து, சரின்னுட்டாவ. நானும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல ப்ரூஃப் பாத்து, "அடிக்கக் குடுக்கலாம்"னு உத்தரவு குடுத்தேன். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்னு வையி. சட்டைதான் போடல.

மறுநாள் காலையில தாளை உருட்டுததுக்காகச் செவத்துல இருந்து பிரிச்சுக்கிட்டு இருக்கா. டீக்கடைக்காரரு மகன், ரெண்டாப்பு படிக்கான், பள்ளிக்கூடத்துக்குப் போவப் பையோட நிக்கான். போஸ்டரைப் பாத்து எழுத்துக் கூட்டுதான்: "ப… ட்… ட… ம… டை." அந்நேரம் பாத்து ஜங்ஷன்ல இருந்து சேரன்மாதேவி போற பஸ்ஸு வந்து நிக்கி. பய அந்தக் கண்ணாடியில தொங்குத போர்டையும் விடல: "ப… த்… த… ம… டை." ரெண்டையும் மாறி மாறிப் பாக்கான். பாத்துட்டு என் வேட்டியைப் புடிச்சு இழுக்கான்.

"தாத்தா, பஸ்ஸுல தப்பா எழுதிருக்கு."

பஸ்ஸுல தப்பாம்! போஸ்டரு அம்புட்டு அழகால்லா இருக்கு, பொறவு பஸ்ஸுதான தப்பா இருக்கணும்.

பத்து மடை உள்ள ஊரு பத்தமடை. கால்வாய்த் தண்ணியில நெல்லு வெளைஞ்ச நாள்ல இருந்து அதுதான் பேரு. இவ படிச்சது எல்லாம் இங்கிலீஷு. அதுல ரெண்டு 'டி' போட்டுருப்பான். இவ அதைத் தமிழ்ல 'பட்டமடை'ன்னு எறக்கிட்டா. மொத போஸ்டர்ல இருந்து அஞ்சாவது போஸ்டர் வரைக்கும் அதே பட்டமடைதாம்ல. வாத்தியாரு பாத்தாரு. அந்த ஊர்லயே பொறந்து வளந்த அம்மா எழுத்துக்கு எழுத்து எண்ணிப் பாத்தாவ. டீக்கடை பூராவும் பாத்துச்சு. எல்லாருக்கும்தான் ஊர்ப்பேரு தெரியுமே!

இவ பைய என் பக்கம் திரும்பினா. கண்ணுல தண்ணி இல்ல, சிரிப்பு. "தாத்தா, இந்தக் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போனது கெடையாதுன்னிய?"

"புள்ளி தப்பலைட்டி"ன்னேன். "'ட்'டுக்கு மேல புள்ளி சரியாத்தான் இருந்துச்சு."

வேற என்னத்தச் சொல்ல? அந்தப் பயலுக்கு ரெண்டு முறுக்கும் ஒரு கடலைமிட்டாயும் வாங்கிக் குடுத்தேன். இவ திரும்பக் கட்டம் போட்ட நோட்டை எடுத்தா. 'ட'வுல ராஜ்ஜியம் நடத்துனவளுக்கு 'த' வந்து சேந்துச்சு. அந்த வால் படிக்கட்டுல எறங்கி வாரதுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. பத்தமடை அம்மாட்ட போன்ல கேட்டுக் கேட்டு வரைஞ்சா. அந்தத் தப்பான தாளைக் கிழிக்காம வச்சிருக்கா, மெட்ராஸ்ல அவ ரூம்ல சரியான தாளுக்குப் பக்கத்துலயே ஒட்டிருக்காளாம். நீ போனா பாரு.

சரி, இப்ப உன் தாளை விரி. வேண்டாம், வேண்டாம், என்கிட்ட காட்டாத, எனக்கு உன்னையும் தெரியும், நீ என்ன சொல்ல வாரன்னும் தெரியும். டீக்கடைக்கு எடுத்துட்டுப் போ. அந்தப் பயலும் ஆவ மாட்டான், இப்ப மூணாப்பு போயிட்டான், கூட்டாமலே கடகடன்னு வாசிக்கான். சவம், கெட்டுப் போயிட்டு. அவன் தங்கச்சி ஒண்ணாப்பு. இப்பத்தான் 'ம' வரைக்கும் வந்துருக்கா. அவளைக் கூப்பிடு.

முறுக்குக்குச் சில்லறை வச்சிருக்கியால?